காலை 5 மணிக்கு ஒரே மிடறில் நான்கு மாத்திரைகள்: வலிப்பு மருந்தும் தைராய்டு மருந்தும் குறுக்கிட்ட ஒரு நிகழ்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டங்கள் நான்கு பக்கமும் சூழ்ந்த ஒரு சிற்றூர். ஒரே கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், ஓர் அரசு கிளினிக். அந்தக் கிளினிக்கின் மருந்து முகப்பில் மருந்தாளராக இருக்கிறேன். கீழே வருவது ஒரே நோயாளியின் ஏறத்தாழ ஓராண்டு விவரம். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வயது, வேலை போன்றவற்றைச் சற்று மாற்றியிருக்கிறேன். மருந்தின் அளவுகளையும் இரத்தப் பரிசோதனை எண்களையும் மாற்றவில்லை. இதில் வரும் தவறுகளில் இரண்டு என்னுடையவை.

பின்னணி

நோயாளிக்கு வயது 46. அந்தத் தோட்டத்தில் கடைசியாகப் பால்மரம் வெட்டியவர்களில் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில்) ஒருவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போடும் வேலைக்கு மாறினார். எடை 58 கிலோ. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கழுத்துக் கழலை பெரிதாகி, தைராய்டு சுரப்பியை முழுவதுமாக அகற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும், சுரப்பி தரும் தைராக்சின் ஹார்மோனுக்கு ஈடான லீவோதைராக்சின் 100 மைக்ரோகிராம். வீட்டில் அதற்குத் 'தொண்டை மாத்திரை' என்று பெயர். சுரப்பியே இல்லாதவருக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கில் 100 அவருக்குச் சரியான அளவுதான். ஆகஸ்ட் மாதம் எடுத்த டி.எஸ்.எச். (தைராய்டை முடுக்க மூளை அனுப்பும் ஹார்மோன்; தைராக்சின் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும்) 2.3. இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. பல ஆண்டுகளாக அந்த எண் இந்த எல்லைக்குள்ளேயே இருந்து வந்ததால் கிளினிக்கில் அவர் 'தொந்தரவில்லாத நோயாளி'.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கணவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து செம்மண் சாலையில் போனபோது விழுந்து தலையில் அடிபட்டிருந்தது. தீபாவளிக்கு வீடு கழுவிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் முதல் வலிப்பு வந்தது. டிசம்பரில் இரண்டாவது. முதல் முறை பக்கத்து வீட்டார் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். இரண்டாவது முறை மகள் யாரையும் நெருங்க விடாமல் தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம். அந்தத் தகவல் பிறகு மருத்துவருக்கு மிகவும் உதவியது.

பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே முறையாகத்தான் பார்த்தார்கள். தைராய்டு அறுவையில் பக்கத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சேதமானால் இரத்தத்தில் கால்சியம் இறங்கும். கால்சியம் இறங்கினாலும் வலிப்பு வரும். ஆகவே முதலில் கால்சியம் பார்க்கப்பட்டது. இயல்பு. தலையின் ஸ்கேனில் பழைய அடியின் தழும்பு தெரிந்தது. கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கும் முன் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணுவும் பார்த்தார்கள். அந்த மரபணு உள்ளவர்களுக்கு இம்மருந்தால் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். நம் வட்டாரத்து மக்களிடம் அது அதிகம். இவருக்கு இல்லை.

ஜனவரியில் கார்பமாசெபின் தொடங்கி, படிப்படியாகக் காலை 200 மில்லிகிராம், இரவு 200 மில்லிகிராம் என்று நிறுத்தினார்கள். இந்த மருந்து உடலிலுள்ள வைட்டமின் டி-யை விரைவாகக் கரைத்து எலும்பைப் பலவீனமாக்கும் என்பதால் வைட்டமின் டி-யும் கால்சியம் கார்பனேட் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டும் சேர்த்து எழுதினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் நல்ல காரணம் இருந்தது.

ஜனவரி: சீட்டு என் முகப்புக்கு வந்த நாள்

மலேசியாவில் பெரிய மருத்துவமனையில் எழுதிய மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒருநாள் சம்பளத்தை இழந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. தோட்டத்து மக்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்தச் சீட்டு எங்கள் கிளினிக்கின் நோயாளிக் கோப்புக்குள் போவதில்லை. மருந்தகத்தில் தனிக் கோப்பில் இருக்கும். நோயாளி கையிலும் இரண்டு புத்தகங்கள்: கிளினிக் புத்தகம் ஒன்று, மருத்துவமனைப் புத்தகம் ஒன்று.

தைப்பூச விடுமுறைக்கு மறுநாள் அந்தச் சீட்டு வந்தது. முகப்பில் கூட்டம். புதிய மருந்து என்பதால், மருந்துகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றனவா என்று பார்க்கும் கணினி நிரலில் எல்லாப் பெயர்களையும் தட்டச்சு செய்தேன். பல வரிகள் வந்தன. கால்சியத்துக்கும் லீவோதைராக்சினுக்கும் நடுவே 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்றது ஒரு வரி. கார்பமாசெபினும் லீவோதைராக்சினும் 'நடுத்தரம்: தைராய்டு செயல்பாட்டைக் கண்காணிக்கவும்' என்றது இன்னொன்று. சிவப்பில் எதுவும் இல்லை, மஞ்சள்தான். ஒரு நாளில் எத்தனையோ மஞ்சள் வரிகளைப் பார்க்கிறோம். கண் பழகிவிடுகிறது.

நான் செய்தது இரண்டு. சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 'டி.எஸ்.எச்.?' என்று எழுதினேன். இடைவெளி விஷயத்தை மருந்து வாங்க வந்தவரிடம் சொன்னேன். வந்தவர் நோயாளி அல்லர், அவருடைய கணவர். மோட்டாரை நிழலில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். தலையாட்டினார், பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தேன். 'கண்காணிக்கவும்' என்பது எழுவாய் இல்லாத வாக்கியம். யார் கண்காணிக்க வேண்டும்? வலிப்பு மருந்து எழுதிய மருத்துவர், தைராய்டைப் பார்ப்பது கிளினிக் என்று நினைத்தார். கிளினிக் மருத்துவ அதிகாரிக்கு அந்தச் சீட்டு போகவே இல்லை; அவர் கணக்கில் அடுத்த டி.எஸ்.எச். ஆகஸ்ட் மாதம். நான் ஒரு கேள்விக்குறி போட்டதோடு கடமை தீர்ந்ததாக நினைத்தேன். அந்தக் கேள்விக்குறி யாரையும் நோக்கிக் கேட்கப்படவில்லை.

பிப்ரவரியும் மார்ச்சும்: 'வலிப்பு மாத்திரை அசதி தருகிறது'

இந்தப் பகுதியை நாங்கள் பின்னால் கேட்டுத் தொகுத்தோம். பிப்ரவரி கடைசியில் அவருக்கு அசதி தொடங்கியது. பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) போய் நின்றுவிடுவார். உரமூட்டையைத் தூக்கும்போது கை வராது. மாலை 6 மணிக்கே தூங்கிவிடுவார். மலச்சிக்கல். குரல் கட்டியது. எடை 4 கிலோ ஏறியது. பேராக் வெயிலில் ஸ்வெட்டர் கேட்டார் என்று மகள் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அது ஏப்ரலில்.

அப்போது எல்லோரிடமும் ஒரே விளக்கம் இருந்தது: வலிப்பு மாத்திரை அசதி தருகிறது. அந்த விளக்கத்தில் பொய் இல்லை. கார்பமாசெபின் தொடக்கத்தில் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். நாங்களே முதல் நாள் அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதையே சொன்னார், கணவர் அதையே சொன்னார், மார்ச்சில் மறுபடி மருந்து வாங்க வந்தபோது முகப்பிலிருந்த எங்கள் ஊழியரும் 'போகப் போகப் பழகிவிடும்' என்றார். ஆனால் பழகப் பழகக் குறைய வேண்டிய தூக்கம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. அந்தத் திசையை யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல்: பிஸ்கட் டின்

ஏப்ரல் நடுவில் உரக்கிடங்கு வாசலில் மூன்றாவது வலிப்பு. தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) கிளினிக்குக் கூட்டி வந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றுதான் முதலில் சந்தேகித்தோம். மகளிடம், வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டு வரச் சொன்னேன். ஒரு சதுர பிஸ்கட் டின்னில் கொண்டு வந்தார்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவரைப் போல் ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர்கள் எங்கள் பதிவேட்டில் அதிகம் இல்லை. பிறகு கேட்டேன்: "அம்மா, காலையில் எழுந்ததிலிருந்து எந்த நேரத்தில் எந்த மாத்திரையைச் சாப்பிடுகிறீர்கள்? செய்வது போலவே எனக்குக் காட்டுங்கள்." அவர் டின்னிலிருந்து தொண்டை மாத்திரை ஒன்று, வலிப்பு மாத்திரை ஒன்று, கால்சியம் இரண்டு என நான்கையும் உள்ளங்கையில் வைத்து, குவளையைத் தூக்குவது போல் கையை உயர்த்தி, ஒரே மிடறில் விழுங்குவதுபோல் காட்டினார். குவளையில் என்ன என்றேன். பால் தேநீர். "மறந்துவிடக் கூடாது அல்லவா மிஸ்ஸி, பெரட்டுக்குப் போனால் பிறகு மத்தியானம்வரை தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை" என்றார். மருந்துப் பைகளில் மலாயில் அச்சாகியிருந்ததை அவர் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார். எல்லாப் பையிலும் 'காலை' என்ற சொல் இருந்தது. அவர் சரியாகத்தான் வாசித்தார்.

நடுவில் வேறு மருந்து ஏதும் சேர்ந்ததா என்றும் விசாரித்தோம். மார்ச்சில் இருமலுக்குத் தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தார். எரித்ரோமைசின் வகை மருந்தாக இருந்தால் இரத்தத்தில் கார்பமாசெபின் அளவு ஏறிவிடும். அசதிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பையிலிருந்தது அமாக்சிசிலின். அந்தக் கதவை மூடினோம்.

அன்று எடுத்த இரத்தத்தின் முடிவுகள்: டி.எஸ்.எச். 38.6. கட்டற்ற டி4 (இரத்தத்தில் பிணைப்பின்றி உலவும் தைராக்சின்) 6.1; கீழ் எல்லை 9. சோடியம் 127; இருக்க வேண்டியது 135 முதல் 145. கால்சியம் இயல்பு. கார்பமாசெபின் அளவு 6.8, வேண்டிய எல்லை 4 முதல் 12. வலிப்பு மருந்து போதிய அளவு உடலில் இருக்கும்போதே வலிப்பு வந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆனது

லீவோதைராக்சின் இரண்டு இடத்தில் தொலைந்துகொண்டிருந்தது.

முதல் இடம் குடல். கால்சியம் கார்பனேட் தைராக்சினைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். பாலிலுள்ள கால்சியமும், தேநீரோடு சேர்த்துச் சாப்பிடுவதும் உறிஞ்சுதலை மேலும் குறைத்திருக்கும். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறச் சொல்வது இதனால்தான். ஒன்பது ஆண்டுகளாக அவர் இதைத் தேநீரோடுதான் சாப்பிட்டு வந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்படியும் டி.எஸ்.எச். நன்றாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது இடம் கல்லீரல். கார்பமாசெபின், பெனிட்டாயின், பெனோபார்பிட்டோன் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட நொதிகள் கண்ணில் பட்டதையெல்லாம் சிதைக்கும்: கருத்தடை மாத்திரை, வைட்டமின் டி, தைராக்சின். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இதே வேலையைச் செய்யும். இந்தத் தூண்டுதல் முழு வேகம் எடுக்கச் சில வாரங்கள் ஆகும். தைராக்சினின் அரை ஆயுள் (உடலில் அது பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 7 நாள் என்பதால் விளைவு வெளியே தெரிய இன்னும் சில வாரங்கள். ஜனவரி மருந்துக்குப் பிப்ரவரி கடைசியில் அசதி தொடங்கிய கணக்கு இதுதான்.

சுரப்பி நன்றாக இருப்பவர் இதே கார்பமாசெபினைச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஊற்றுள்ள கிணற்றில் கொஞ்சம் கூடுதலாக இறைத்தாலும் ஊறிவிடும், மூளை டி.எஸ்.எச். அனுப்பிச் சுரப்பியை முடுக்கும். இவரிடம் கிணறு இல்லை. தினமும் ஒரு வாளி ஊற்றி நிரப்பும் தொட்டிதான் இருந்தது. ஊற்றும்போதே பாதி சிந்தியது. அடியில் ஓட்டையும் விழுந்தது.

கட்டற்ற டி4 பற்றி ஒரு சொல். கார்பமாசெபினும் பெனிட்டாயினும் அந்த எண்ணைத் தாமே கீழே இழுக்கும். தைராய்டு நலமாக உள்ளவரிடமும் அது குறைவாகத் தோன்றலாம். ஆகவே இப்படிப்பட்டவர்களிடம் நம்ப வேண்டியது டி.எஸ்.எச். இங்கே இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்ததால் குழப்பம் வரவில்லை.

சோடியம் இறங்கியதற்கும் இரண்டு சாத்தியங்கள். கார்பமாசெபின் சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் செய்து சோடியத்தை நீர்த்துவிடும். கடுமையான தைராய்டு குறைபாடும் அதையே செய்யும். சோடியம் குறைந்தால் வலிப்பு எளிதில் கிளம்பும். மூன்றாவது வலிப்புக்கு 127 மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. துணை போயிருக்கும் என்பது மருத்துவ அதிகாரியின் கருத்து, என் கருத்தும்.

எடுத்த முடிவுகள்

அன்று மருத்துவ அதிகாரியும் நானும் ஒத்துப்போகவில்லை. டி.எஸ்.எச். 38.6 என்பதைப் பார்த்து அவர் லீவோதைராக்சினை நேராக 150-க்கு ஏற்ற நினைத்தார். நோயாளி நடக்கவே சிரமப்பட்டதால் அந்த அவசரம் நியாயமானது. நான் தயங்கினேன். சிந்தலையும் அடைத்து, வாளியையும் பெரிதாக்கினால் இரண்டு மாதத்தில் தொட்டி வழியும். தைராக்சின் அளவுக்கு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்; வலிப்பு உள்ளவருக்கு அதுவும் நல்லதில்லை. பேசி 125-ல் நின்றோம். மாத்திரை நேரத்தை அன்றே திருத்தினோம். அளவை ஏற்றும் முன் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலைக் காலையில் ஒரு முறை பார்த்துக்கொள்ள மருத்துவமனை மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். சோடியம் குறைவுக்கு அட்ரினல் சுரப்பியும் காரணமாகலாம் என்பதால். இயல்பாக இருந்தது.

கார்பமாசெபினை உடனே நிறுத்துவது பற்றி எங்களில் யாரும் யோசிக்கவில்லை. குடும்பத்தார் யோசித்திருந்தார்கள். 'இந்த மாத்திரையால்தானே எல்லாம்' என்று கணவர் அதை அன்றிரவே நிறுத்தத் தயாராக இருந்தார். வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை அவரை உட்கார வைத்துச் சொன்னோம். ஜனவரியில் வெயிலில் நின்ற மோட்டாரை நினைத்துக்கொண்டு, இந்த முறை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

நேரத்தை அவர் வீட்டு நடைமுறையை வைத்தே அமைத்தோம். காலை 4.30-க்கு எழுந்ததும் சாமி மேடையில் விளக்கேற்றுவார். அதன் கீழ்த்தட்டில், விளக்கின் சூடு எட்டாத இடத்தில் தொண்டை மாத்திரை மட்டும், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். 5.15-க்குத் தேநீர், அதோடு வலிப்பு மாத்திரை. கால்சியம் இரண்டும் இரவுச் சாப்பாட்டோடு. பைகளின் மேல் மகள் தமிழில் எழுதினார்: 'விளக்கு', 'தேநீர்', 'சோறு'. நான் அச்சடித்துக் கொடுக்க நினைத்த நான்கு கட்ட அட்டவணையைவிட அந்த மூன்று சொற்கள் நன்றாக வேலை செய்தன.

தோட்ட நிர்வாகத்திடம் டிரெஸ்ஸர் பேசி, அவரை உரவேலையிலிருந்து நாற்றுப்பண்ணைக்கு மாற்றினார். வாரம் ஒருமுறை சோடியம் பார்த்தோம். வெயிலில் வேலை செய்பவரிடம் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது எளிதாக இல்லை, அரைகுறையாகத்தான் நடந்தது.

ஜூன், ஜூலை: மருந்து மாற்றம்

ஏழு வாரம் கழித்து டி.எஸ்.எச். 5.9. குரல் திரும்பியது, எடை 2 கிலோ இறங்கியது. சோடியம் மட்டும் 131-ஐத் தாண்டவில்லை. தைராய்டு தேறியும் சோடியம் ஏறாததால் பழி கார்பமாசெபின் பக்கம் சாய்ந்தது. மருத்துவமனையில் அதை லெவெடிராசெட்டமுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். இது கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதில்லை; பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறும்; தைராக்சினோடு குறுக்கிடுவதில்லை. சிலருக்கு எரிச்சலும் மனநிலை மாற்றமும் வரலாம் என்பது இதன் குறை. புதியதை ஏற்றிக்கொண்டே பழையதை இறக்கி, ஆறு வாரத்தில் ஜூலை இறுதியில் கார்பமாசெபின் முற்றாக நின்றது. இடையில் வலிப்பு வரவில்லை.

தூண்டும் மருந்து போனால் நொதிகள் சில வாரங்களில் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும், அப்போது 125 கூடுதலாகிவிடும் என்பதை நான் அறிந்திருந்தேன். செப்டம்பர் நடுவில் டி.எஸ்.எச். எடுக்க வேண்டும் என்று தேதி குறித்து, இரத்தப் பரிசோதனைத் தாளையும் எழுதி வாங்கி, நோயாளியின் புத்தகத்தில் செருகினேன். கையில் அப்போதிருந்தது மருத்துவமனைப் புத்தகம்.

அக்டோபர்: அதே தவறு, மறுபக்கத்திலிருந்து

செப்டம்பரில் அவர் கிளினிக்குக்கு வந்தார், கிளினிக் புத்தகத்தோடு. தாள் வீட்டில் மற்றப் புத்தகத்துக்குள் இருந்தது. அன்று நான் விடுப்பில் இருந்தேன். முகப்பில் இருந்தவருக்கு இரத்தம் எடுக்க வேண்டிய நாள் அது என்று தெரிய வழியே இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் மூன்றாம் வாரம், தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன், மகள் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, இரவில் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் சீறுகிறார், முறுக்கு மாவைத் தட்டோடு தள்ளிவிட்டார். பிறகு அவரே சொன்னார்: "புது வலிப்பு மாத்திரைக்கு இப்படித்தான் கோபம் வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் அக்கா."

சொன்னேன். மார்ச்சில் தூக்கத்துக்கு வலிப்பு மருந்தைக் காட்டினோம். அக்டோபரில் கோபத்துக்கும் அதையே காட்டினோம். முன்கூட்டிச் சொல்லி வைத்த பக்கவிளைவு, வேறெதையும் பார்க்க விடாத திரையாகிவிட்டது. கோபத்தை லெவெடிராசெட்டம் தரலாம். கை நடுக்கத்தோடும் நிமிடத்துக்கு 112 நாடித்துடிப்போடும் சேர்ந்து வந்த கோபத்தை அதன் மேல் போட முடியாது. டி.எஸ்.எச். 0.05. இ.சி.ஜி.யில் துடிப்பு விரைவாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது.

லீவோதைராக்சின் மறுபடி 100-க்கு வந்தது. லெவெடிராசெட்டம் அப்படியே தொடர்ந்தது.

டிசம்பர் நிலவரம்

ஒன்பது வாரம் கழித்து டி.எஸ்.எச். 1.8, சோடியம் 138, நாடி 78. ஏப்ரலுக்குப் பிறகு வலிப்பு இல்லை. எலும்புக்கான கால்சியத்தின் தேவை குறைந்துவிட்டதால் அதை மருத்துவமனையில் நிறுத்திவிட்டார்கள். நாற்றுப்பண்ணையில் சம்பளம் சற்றுக் குறைவு என்பது அவருடைய குறை. அதற்கு எங்களிடம் மருந்தில்லை.

என்ன மாற்றினோம்

எங்கள் பதிவேட்டில் தைராக்சினும் நொதியைத் தூண்டும் மருந்தும் சேர்ந்து வாங்குபவர்களைத் தேடினேன். பெனிட்டாயினோடு பல ஆண்டுகளாகத் தைராக்சின் சாப்பிடும் ஒரு பெரியவர் இருந்தார். அவர் அளவு 150; டி.எஸ்.எச். இயல்பு. பயந்துபோய் அவருக்கு எதையாவது மாற்றியிருந்தால் நாங்களே நோயை உண்டாக்கியிருப்போம். இரண்டு மருந்தும் நெடுநாள் சேர்ந்தே இருந்து அளவு அதற்கேற்ப அமைந்துவிட்டால் வழக்கமான பரிசோதனை போதும். வலிப்பு மருந்து புதிதாக நுழையும்போதும், அளவு மாறும்போதும், வெளியேறும்போதும்தான் விழிப்பு வேண்டும். கணினியின் மஞ்சள் வரி இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றுபோலவே காட்டுகிறது. மருந்து வெளியேறும்போதோ அது ஒன்றுமே காட்டுவதில்லை. பட்டியலில் இல்லாத பெயரோடு எதை ஒப்பிடும்?

ஆகவே சிறிய அட்டை ஒன்று வைத்தோம். எந்த மருந்து தொடங்கியது அல்லது நின்றது, எந்தப் பரிசோதனை, எந்தத் தேதி, முடிவை யார் பார்ப்பார் என்று நான்கு வரி. நான்காவது வரியில் பதவி எழுதக் கூடாது, ஆளின் பெயர் எழுத வேண்டும். இதற்கு முதலில் எதிர்ப்பு வந்தது. நாளைக்குப் பெயரைக் காட்டிப் பழி போடுவார்கள் என்று. தொடக்கத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். தொடக்கமோ நிறுத்தமோ நடந்து 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்பது நிலையான குறிப்பு. அட்டையின் நகல் மருந்தகத்திலும் இருக்கும்; புத்தகம் வீட்டில் தங்கிவிட்டாலும் தேதி தங்காது. மருந்தை வேறொருவர் வாங்க வந்தால் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்று அவரையே சொல்லச் சொல்கிறோம். கூட்டமுள்ள நாளில் இது தவறுகிறது. தவறிய நாட்களை எழுதி வைக்கிறோம்.

மருத்துவமனைச் சீட்டுகளைக் கிளினிக் கோப்போடு சேர்ப்பது இன்னும் நடக்கவில்லை. இந்த நோயாளியின் வீட்டில் அதற்கு ஒரு வழி கண்டார்கள்: மகள் இரண்டு புத்தகங்களையும் அடுக்கி ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்.

அவருடைய அடுத்த டி.எஸ்.எச். ஜூன் மாதம். எனக்கு மே மாதத்திலிருந்து வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. போன வாரம் அவர் வந்தபோது, அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அட்டையில் என் பெயரை அடித்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் மருந்தாளரின் பெயரை எழுதி, அவரை அழைத்து முகத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விளக்கு, தேநீர். சோறு இப்போது இல்லை" என்று தன் பாடத்தை ஒப்பித்தார்.